முதல் பரிசும் சுபைதா மாமியின் சட்டைக் கையும்

உடுப்பு நன்றாக அமைந்தால் துணி நல்லது என்பார்கள். அமையாவிட்டால் டெய்லர் சரியில்லை என்பார்கள். மிச்சத் துணி எங்கே என்ற கேள்வி மட்டும் இரண்டுக்கும் பொது. என்னைப் போல தையல் மெசின் மிதித்து இந்தப் பேச்சுகளைக் கேட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

வெக்கையில் போர்வை

சுனாமியில் என் மெசின் இரண்டு நாள் உப்புத் தண்ணீரில் கிடந்தது. துடைத்து, எண்ணெய் விட்டு எழுப்பினேன். ஆனாலும் பத்துத் தையலுக்கு ஒன்றைத் தாண்டித்தான் போகும். அந்த நாட்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்கள் முகாமுக்கு வந்து, வெட்டுத் துண்டுகளை இணைத்து உள்ளே பஞ்சு வைத்துப் போர்வை தைக்கப் பழக்கினாள். பஞ்சுப் போர்வை, கல்முனையில், சித்திரை மாதத்தில்.

எல்லோரும் வியர்த்து வழிந்தார்கள். எனக்கோ பைத்தியமே பிடித்துவிட்டது. நிறத்தோடு நிறம் சேருவதைப் பார்த்தால் சோறு கூட வேண்டாம். முதல் போர்வையைக் கணவரின் மடியில் விரித்தேன். அவர் சொன்னது: "இதப் போத்திக்கிட்டுப் படுத்தா, கடலுக்குத் தப்பின நான் வெக்கைக்குத் தப்ப மாட்டன்."

நடுவில் ஒரு பச்சை

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த பிறகு, கல்முனையில் போர்வைக் கண்காட்சி என்று அறிவித்தார்கள். முதல் பரிசு, மோட்டர் பூட்டிய புது மெசின். கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பல வருடம் சேர்த்த வெட்டுத் துண்டுப் பெட்டியைக் கவிழ்த்து, நற்பிட்டிமுனை வயலைத் தைத்தேன். ஓரத்தில் அறுப்பு மஞ்சள், நடுவில் பளபளவென்று இளம் பயிர்ப் பச்சை. மண்டபத்தில் அதைத் தொங்கவிட்டதும், யாரோ பார்க்க வந்தவளைப் போல மூன்று தரம் வெளியே போய் உள்ளே வந்து பார்த்தேன்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாம் என்னிடம் துணி தந்தவர்கள் என்பது மட்டும் மண்டையில் உறைக்கவில்லை. அந்தப் பச்சைப் பட்டு, சுபைதா மாமிக்கு மருமகன் சவூதியிலிருந்து அனுப்பியது. பெருநாள் சட்டைக்கு வெட்டும்போது கையைப் பிழையாக வெட்டிவிட்டு, துணி காணாது, போதாது என்று சொல்லி முழங்கையோடு நிறுத்தி, மிச்சத்தைப் பெட்டியில் போட்டிருந்தேன். மாமி வந்தா, நின்றா, பச்சையைச் சாண் போட்டு அளந்தா. பிறகு கேட்டது: "எனக்குக் காணாத துணி, உன்ட வயலுக்கு மட்டும் எப்படி மகள் காணுது?"

பொக்கற் வைத்த அலை

நழுவிப் போய் அடுத்த போர்வைக்குப் பின்னால் ஒளிந்தேன். அது பொத்துவில்காரி ஒருத்தி தைத்த கடல். அறுகம் குடாவுக்குப் பலகையில் நின்று அலையேற வரும் வெள்ளைக்காரர்களின் அரைக்கால்சட்டைகளை வெட்டியே அத்தனை அலையும் தைத்திருந்தாள். கிளியும் தென்னையும் போட்ட அலைகள். ஒரு அலையில் பொக்கற் அப்படியே இருந்தது, கையை விட்டால் உள்ளே ஒரு சிப்பி. வயிறு நோகச் சிரித்தேன். அடுத்த போர்வை முழுக்கப் பொக்கற்தான் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

களவுக்கு ஒரு கூட்டாளி கிடைப்பாள் என்ற ஆசையில், துணியெல்லாம் எப்படிக் கிடைத்தது என்று பக்கத்தில் நின்ற அவளிடம் மெல்லக் கேட்டேன். அவள் சொன்னாள்: "கேட்டுத்தான் எடுத்த, ராத்தா. கேட்டா தராம இருப்பாங்களா?"

ஓரத்து மஞ்சள்

அது சுருக்கென்று தைத்தது. அடுத்தவர் பொருளை எடுத்துவிட்டால், உடையவர் மனமொப்பி, வாயால் ஹலாலாக்கித் தந்தால்தான் எங்களுக்கு நிம்மதி. மண்டபம் முழுக்கச் சுற்றி, கண்ணில் பட்ட வாடிக்கைக்காரர்களிடமெல்லாம் கேட்டேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே தந்தார்கள். சுபைதா மாமி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டா. பாண்டிருப்பு டீச்சர் கண்ணாடியைப் போட்டுத் தன் பிளவுஸ் துண்டைத் தேடிப் பிடித்தார். "துணிய எடுத்ததுக்குக் கோபமில்ல. என்ட மஞ்சள ஏன் ஓரத்தில வச்சீங்க?"

முதல் பரிசு

என் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். மேடையில் மெசின் மினுங்குகிறது. மூன்றாம் வரிசையில் மாமி, அதே பச்சைச் சட்டையோடு. அவ வாய் திறக்காமல் அந்த மெசினைத் தொட எனக்குப் பயம். ஒலிவாங்கியைப் பிடித்தேன். "மாமி, துணி கண்டது, மிஞ்சியும் போச்சு. கைய நான்தான் பிழையா வெட்டின. ஹலாலாக்கித் தாங்க."

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு வெட்கம் என் வாழ்நாளில் பட்டதில்லை. மாமி எழும்பி, அரைக் கையை ஊருக்கே தூக்கிக் காட்டினா. "ஹலால்தான் மகள். ஆனா அந்த மெசினில மொதல் தையல் என்ட கைக்கு."

மாமியின் கை இப்போது மணிக்கட்டு வரைக்கும் முழுசு. என் வீட்டுச் சுவரில் தொங்கும் முதல் பரிசு வயல்தான் நடுவில் தரிசாகக் கிடக்கிறது.