வெடிக்காமல் போன ஆஸ்டின்

சவரியப்பன் குத்தாலத்தில் பட்டறை வைத்திருந்தார். பேச்சு குறைவு. ஓடும் இஞ்சின் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். காது சொல்வதைக் கை செய்யும்.

ஆட்சி மாறி இரண்டாவது அறுவடை. கூலி உயர்வு கேட்டுச் சங்கம் வைத்தவர்களைப் பண்ணையார் இராஜாங்கத்தின் ஆட்கள் தேடித் தேடி அடித்தார்கள். வருவது பண்ணையின் பழைய ஆஸ்டின் காரில். கார்பரேட்டர் தேய்ந்து, கொக்குகள் பதறிப் பறக்கப் புகைக்குழாய் வெடித்துக்கொண்டே வரும். வெடி கேட்டதும் கூலிக்காரர் தெருவின் ஆண்கள் வாய்க்கால் நாணலுக்குள் இறங்கிவிடுவார்கள். சவரியப்பனின் தங்கை புருஷன் குழந்தைராஜ் அப்படித்தான் உயிரோடு இருந்தான்.

அந்தக் கார் ரிப்பேருக்குப் பட்டறைக்கு வந்தது. பட்டறை நின்ற மனை பண்ணையுடையது, மறுக்க முடியாது. தங்கை இருதயம்மாள் ஓடிவந்தாள்.

“அண்ணே, அந்தச் சனியன் வெடிச்சிக்கிட்டே வரட்டும்.”

“கொஞ்சம் வெடி மிச்சம் வைக்கிறேன் தாயி. தீபாவளி கொண்டாடு.”

“வேதக்காரங்களுக்கு ஏதுண்ணே தீபாவளி?” சிரித்துக்கொண்டே போனாள்.

பழைய காருக்குச் சாமான் கிடைக்கவில்லை. ஜீப்பில் கழற்றிய கார்பரேட்டரை எடுத்தார். அடித்துளைகள் பொருந்தவில்லை; இடையில் அலுமினியத் தகடு அறுத்து உட்காரவைத்தார். சின்ன இஞ்சினுக்கு அது பெட்ரோலை அதிகம் ஊற்றியது, கரும்புகை. பெட்ரோல் பாயும் ஜெட்டை ஈயத்தால் அடைத்து, ஊசித்துளை போட்டார். புகை நின்றது. வெடி மட்டும் லேசாக மிச்சம்.

“போதும் மேஸ்திரி, ஓடுதுல்ல” என்றார் டிரைவர் ஜெய்னுலாபுதீன்.

“இருங்க பாய்.”

கண்ணை மூடினார். விரல் காற்று ஸ்க்ரூவில் இருந்தது. இன்னும் ஒரு மயிரிழை. இன்னும். இஞ்சின் மூச்சு சீரானது. பாலில் விழும் மழை.

கண் திறந்தபோது எதிரே இராஜாங்கம்.

“அட, பூனை மாதிரி நிக்கிதேடா! இனிமே ஒரு பயலும் ஓட மாட்டான்.”

“ஐயா, ஒரு சின்ன வேலை பாக்கி...”

“கையை எடுறா.”

ஆட்கள் ஏறினார்கள். கார் கிளம்பியது. சவரியப்பன் சைக்கிளில் விரட்டினார். வழியெல்லாம் காதைக் கொடுத்துக்கொண்டே மிதித்தார். வயலில் தவளைதான் கத்தியது.

தங்கையின் தெருவில் சோறு சிதறிக் கிடந்தது. குழந்தைராஜைச் சாப்பிடும்போதே தூக்கிப் போயிருந்தார்கள்.

“சத்தமே வரலியேண்ணே” என்றாள் இருதயம்மாள். அவர் கைகளையே பார்த்தாள்.

மறுநாள் உடல் வாய்க்கால் மதகில் தட்டி நின்றது. அவள் அதற்குப் பிறகு அண்ணனிடம் பேசவில்லை. பட்டறைக்கு மாயவரத்திலிருந்தும் திருவாரூரிலிருந்தும் கார்கள் வரத் தொடங்கின. பண்ணையாரின் ஆஸ்டின் ஓடும் அழகைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.