தல்கேருக்காக வளர்த்த தலைமயிர்

முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் இடையில் ஓடும் தனியார் பஸ்களில் சுகிர்தன் நிற்கும் பஸ்ஸை அரைக் கட்டைத் தூரத்திலேயே அடையாளம் சொல்லிவிடலாம். முன்வாசல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உடம்பில் பாதியை வெளியே விட்டபடி வருவான். அவனுக்குப் பின்னால் அவனுடைய பின்னல் வரும். முதுகின் நடுவரை நீண்டு, ஒன்பது இடத்தில் கறுப்பு நூலால் முடிச்சுப் போட்ட பின்னல். இருபத்தாறு வயதுக் கொண்டக்டருக்கு இப்படியொரு தலைமயிர் எதற்கு என்று கேட்காத ஆள் அந்தப் பாதையில் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்த பதிலும் ஒன்றுதான். அவன் அக்காவின் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டுமென்று வற்றாப்பளை அம்மனுக்கு வைத்த நேர்த்தி. பிள்ளை பிறந்ததும் போய் மொட்டை போடுவான்.

அந்தப் பதிலில் ஒரு சொல்லும் உண்மை இல்லை. அது தல்கேருக்காக வளர்த்தது.

தல்கேர் யாரென்று தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 'எட்டுச் சூரியன்' என்றொரு கார்ட்டூன் தொடர். விண்வெளியில் நடக்கிற கதை, பறக்கும் கப்பலும் உண்டு, மந்திரவாளும் உண்டு. அதில் வருகிற வில்லன்தான் தல்கேர். ஒரு கிரகத்தை அழித்தால் பின்னலில் ஒரு முடிச்சுப் போடுவான். அப்படி ஒன்பது முடிச்சு. அவன் வாய் திறந்து வெருட்ட வேண்டியதில்லை, பின்னலை எடுத்து முன்னால் போட்டால் போதும், எதிரே நிற்கிறவனின் கதை முடிந்தது. செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பித் தகரக் கொட்டிலில் இருந்த காலத்தில், பக்கத்து வீட்டு டிவியில் சுகிர்தன் அவனை முதன்முதல் பார்த்தான். ஏன் பிடித்தது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஒன்றுக்கும் பயப்படாத ஒருவனைப் பார்ப்பது அந்த வயதில் அவனுக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன் ஓர் அறிவிப்பு வந்தது. கார்ட்டூன் போதும், இனி உண்மையான மனிதர்களை நடிக்க வைத்து அதே கதையை எடுக்கப்போகிறோம் என்றார்கள். தல்கேரும் வருவானாம், சதையும் எலும்புமாக. அன்றைக்குத்தான் சுகிர்தன் தலைமயிர் வெட்டுவதை நிறுத்தினான். தல்கேர் திரையில் கால் வைக்கும் நாளில் தன் முதுகிலும் அதே பின்னல் தொங்க வேண்டும் என்பது அவனுடைய ஆசை. இதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருந்தது. கிளிநொச்சியிலிருந்து கனடா வரைக்கும் ஆட்கள். ஆளுக்கொரு முடிச்சுக் கணக்கும் ஆளுக்கொரு விசரும்.

நேர்த்திக் கதை வந்தது வேறு வழியால். அவனுடைய அக்கா லக்சிகா கலியாணம் முடித்து வவுனியாவில் இருக்கிறாள். இரண்டு தரம் வயிற்றில் தங்கியது, இரண்டு தரமும் தவறிப்போனது. இரண்டாந்தரம் அவளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அன்று தாய் நேசமலர் மகனின் தோளில் விழுந்து கிடந்த தலைமயிரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"அக்காவுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறியோ, தம்பி?"

சுகிர்தன் போனில் குழுவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தான். "ம்" என்றான்.

அந்த ஒரு "ம்" போதுமாக இருந்தது. நேசமலர் அழுதாள், அயலட்டைக்குச் சொன்னாள், கோயில் ஐயருக்கும் சொன்னாள். ஒன்பது முடிச்சையும் நவக்கிரகத்துக்கென்று தானே விளங்கிக்கொண்டாள். சில மாதத்தில் லக்சிகாவுக்கு மூன்றாந்தரம் தங்கியது. இனி யார் என்ன சொல்லியும் பயனில்லை. பிள்ளையை வயிற்றில் பிடித்து வைத்திருப்பது தம்பியின் தலைமயிர்தான் என்பதில் நேசமலருக்குத் துளி சந்தேகமும் இல்லை. சுகிர்தனும் மறுத்துச் சொல்லவில்லை. சும்மா இருக்க மரியாதை கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

தல்கேர் வரும் நாளும் வந்தது. சுகிர்தன் வயிற்றுக்குத்து என்று பஸ்ஸுக்கு லீவு சொல்லிவிட்டு முள்ளியவளையில் தர்சனின் சலூனுக்குப் போனான். தர்சன் அவனோடு படித்தவன், இந்த விசரிலும் கூட்டாளி. கிரிக்கெட்டுக்கென்று வாங்கி மாட்டிய பெரிய டிவி அங்கே இருந்தது. கடைக்கதவை அரைவாசி இழுத்துவிட்டு, தலை வெட்ட வந்தவர்களைப் பின்னேரம் வரச் சொல்லிவிட்டு, இருவரும் சுழல்கதிரைகளில் ஏறி இருந்தார்கள்.

முதல் அரைவாசியில் தல்கேர் வரவில்லை. பிறகு ஒரு கறுப்புக் கதவு திறந்தது. சப்பாத்துத் தெரிந்தது, நீண்ட அங்கி தெரிந்தது. கமரா முதுகுப்பக்கமாக மெல்ல மேலே ஏறியது. சுகிர்தன் தன் பின்னலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

மொட்டை. வழவழவென்று, சவரம் செய்த மொட்டை.

"இது ஆரோ வேலையாள்" என்றான் தர்சன்.

திரையில் ஒருவன் முழங்காலில் விழுந்து, "தல்கேர் பிரபுவே" என்றான்.

டிவி தன்பாட்டுக்கு ஓடியது, யாரோ யாரையோ வெட்டினார்கள், ஒன்றும் ஏறவில்லை. தர்சன் பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டான். மறுபடியும் மொட்டைதான்.

பிறகு போன் துடிக்கத் தொடங்கியது. கனடாக்காரன் குரல்செய்தியில் தூஷணத்தைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. மட்டக்களப்பு யதுர்ஷிகா, "என்ன இது... என்ன இது..." என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். ஒருவன் இது கனவுக்காட்சி, அடுத்த வாரம் பின்னல் வரும் என்று எழுதினான். இன்னொருவன் டிவியை உடைத்துவிட்டதாகப் படம் போட்டான். பார்த்தால் அது பழைய டிவி. கிளிநொச்சி அஜந்தன் முதுகில் அந்தப் பின்னலைப் பச்சை குத்தியவன். அவனிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை, அதுதான் எல்லோரையும் பயப்படுத்தியது.

கடைசியாக யாரோ தொடரை எடுத்தவரின் பேட்டியை அனுப்பினார்கள். ஏன் பின்னலை எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு அந்த மனிதர் சிரித்துக்கொண்டே பதில் சொல்லியிருந்தார். கார்ட்டூனில் அது நன்றாக இருந்தது. உண்மையான ஓர் ஆம்பிளையின் தலையில் வைத்துப் பார்த்தபோது எல்லோரும் சிரித்துவிட்டோம், அதனால் வேண்டாமென்று விட்டுவிட்டோம்.

சுகிர்தன் நிமிர்ந்தான். எதிரே சலூன் கண்ணாடி. அதற்குள் ஒன்பது முடிச்சுப் போட்ட பின்னலை மடியில் பிடித்தபடி ஒருவன் இருந்தான். நெஞ்சு பற்றி எரிந்தது. மூன்று வருடம், ஊரெல்லாம் கேலி, வெக்கையில் அவிந்த கழுத்து, எல்லாம் அவர்களுக்குச் சிரிப்பு.

"எடு" என்றான்.

"என்னத்தை?"

"மொட்டையா எடு."

தர்சன் கத்தரிக்கோலைத் தொடவில்லை. "டேய், தல்கேருக்கு எண்டு எனக்குத் தெரியும். ஊர் அம்மனுக்கு எண்டெல்லோ நினைக்குது? அம்மாட்டை என்ன சொல்லுவாய்?"

"மயிர் என்ர. எடடா!"

அந்த நேரம் அவனுக்கு அக்காவும் நினைவில் இல்லை, அம்மனும் நினைவில் இல்லை. தர்சன் எடுத்தான்.

வீட்டுக்கு வந்தபோது நேசமலர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றவனை முதலில் யாரோ என்று பார்த்தாள். பிறகு துருவலைக்கூடத் தள்ளி வைக்காமல் எழும்பினாள். அவளுடைய முகம் அப்படி மலர்ந்து சுகிர்தன் கண்டதில்லை.

"பிறந்திட்டுதோ? ஐயோ, இன்னும் நாள் கிடக்கு எண்டெல்லோ சொன்னவை! அம்மாளாச்சி! பொடியனோ, பெட்டையோ? அக்கா சுகமோ?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தான் எதை வெட்டிப்போட்டு வந்திருக்கிறான் என்பது அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

"ஏன் பேசாமல் நிக்கிறாய்?" அவள் குரல் மாறியது. "தம்பி... போயிட்டுதோ? இதுவும் போயிட்டுதோ?"

"இல்லையம்மா! அக்கா சுகமா இருக்கிறா. பிள்ளையும் சுகம். நான் சும்மா வெட்டினனான்."

"நேர்த்தி மயிரைச் சும்மா வெட்டினனியோ?"

"அது நேர்த்தி இல்லையம்மா. அம்மனுக்கு வளர்க்கேல்லை. தல்கேர் எண்டு ஒரு ஆள்... படத்திலை வாறவன். அவனுக்கு."

நேசமலர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லவனோ?"

சுகிர்தன் தலையைக் குனிந்தான். "வில்லன்."

"கெட்டவனுக்கு வளர்த்த மயிரை நம்பியோ நான் இவ்வளவு நாளும் நித்திரை கொண்டனான்?" என்று கேட்டாள் நேசமலர். அவள் ஏசியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் ஏசவில்லை.

மறுநாள் தொப்பியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். சாரதி நல்லதம்பி கண்ட உடனே ஹோனை அடித்தார். "என்னடா, மாமா ஆகிட்டியோ?"

"இல்லையண்ணை."

நல்லதம்பி கையை ஹோனிலிருந்து எடுத்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஏறுகிறவர்களும் அப்படித்தான். முதலில் சிரித்த முகத்தோடு கேட்பார்கள், அவன் "இல்லை" என்றதும் முகம் செத்துவிடும். நேர்த்தித் தலைமயிர் போய்விட்டது, பிள்ளை பிறக்கவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? "வெக்கைக்கு வெட்டினனான்" என்று சொல்லிப் பார்த்தான். பாவம், மறைக்கிறான் என்று நினைத்தார்கள். ஒருத்தி அவன் கையைப் பிடித்து அழுத்திவிட்டு மிச்சக்காசும் வாங்காமல் போய் இருந்தாள். உண்மையைச் சொல்ல அவனுக்கு வெட்கம். வெட்கம் பெரிதா, அக்கா பெரிதா என்று யோசிக்க அந்த மடையனுக்குத் தோன்றவில்லை.

ஒட்டுசுட்டானில் நாகேஸ்வரி மாமி ஏறினாள். தாய்வழியில் தூரத்துச் சொந்தம். அவனுடைய தலையைக் கண்டாள், பஸ்ஸில் குசுகுசுத்ததைக் கேட்டாள், கடைசிச் சீட்டில் போய் இருந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு யாருக்கோ போன் எடுத்தாள்.

நெடுங்கேணியில் பஸ் நின்றபோது சுகிர்தனின் போன் அடித்தது. லக்சிகா.

"டேய், என்ர பிள்ளை செத்திட்டுது எண்டு நாகேஸ்வரி மாமி எனக்கே எடுத்து ஒப்பாரி வைக்கிறா. இஞ்ச அது உதைச்சுக்கொண்டிருக்குது. என்னடா நடக்குது அங்க?"

பஸ்ஸை விட்டு இறங்கி ஒதுங்கி நின்று எல்லாவற்றையும் சொன்னான். "அக்கா, என்னை மன்னியுங்கோ. அது உங்களுக்கு வளர்த்ததில்லை."

"தெரியும்" என்றாள் அவள். "உன்ர போனிலை அந்தக் கார்ட்டூனைப் பாத்துப் பாத்துத்தானே முடிச்சுப் போடுறனி. எனக்கு அப்பவே தெரியும்."

"பிறகேன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"ரெண்டு தரம் வெறுங்கையோடை ஆஸ்பத்திரியாலை வந்தனான்டா. மூண்டாந்தரம் ஒருத்தன் எனக்காகத் தலைமயிர் வளர்க்கிறான் எண்டு ஊர் முழுக்கச் சொல்லேக்கை, பொய் எண்டு தெரிஞ்சும் எனக்கு ஆறுதலா இருந்தது. நேற்று அம்மா அழுதுகொண்டு போன் எடுத்தா. மயிரிலை என்னம்மா இருக்கு எண்டு சொன்னனான். பிறகு எனக்கு நித்திரை வரேல்லை. உதைக்குதோ, உதைக்குதோ எண்டு வயித்திலை கையை வைச்சுக்கொண்டு கிடந்தனான்."

நல்லதம்பி ஹோன் அடித்தார். சுகிர்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினான். "அண்ணை, பாட்டை நிப்பாட்டுங்கோ" என்றான். பஸ்ஸின் நடுவில் நின்று தொப்பியைக் கழற்றினான்.

"எல்லாரும் ஒருக்காக் கேளுங்கோ. என்ர அக்காவின்ர பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்லை. வயித்துக்குள்ள சுகமா இருக்கு. நான் மயிர் வளர்த்தது அம்மனுக்கு இல்லை. ஒரு கார்ட்டூன் வில்லனுக்கு. அவன் படத்திலை மொட்டையா வந்திட்டான், அந்தக் கோவத்திலை வெட்டிப்போட்டன். இதுதான் நடந்தது. ஒருத்தரும் என்ர அக்காவுக்குப் போன் எடுத்து அழாதேங்கோ."

பஸ் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. "கார்ட்டூனுக்கோ?" என்று யாரோ கேட்டார்கள். ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஒரு பெடியன் சிரித்தான், அவனைப் பார்த்து இன்னொருவர், கடைசியில் நல்லதம்பி ஸ்டியரிங்கில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சுகிர்தன் எல்லாவற்றையும் நின்று வாங்கினான்.

நாகேஸ்வரி மாமி மட்டும் சிரிக்கவில்லை. அழுத கண்ணோடு கடைசிச் சீட்டிலிருந்து எழும்பி, கம்பியைப் பிடித்துப் பிடித்து அவனிடம் வந்தாள். அவனுடைய மொட்டைத் தலையை மேலும் கீழும் பார்த்தாள்.

"எடேய், கெட்டவனுக்கு வளர்த்த மயிருக்கே அந்தப் பிள்ளை இவ்வளவு நாளும் தங்கியிருக்கு" என்றாள். "இனி ஒருக்கா உண்மையா அவளுக்கெண்டு வளர்த்துப் பாரன்."

"ஓம் மாமி" என்றான் சுகிர்தன். "வளர்க்கிறன்."