திரும்பி வர வேண்டிய பெட்டி

தெருவில் அவருக்கு டமாரம் என்று பெயர். காரில் பொருத்தும் சப்வூஃபருக்கு, அதாவது அதிரடி ஸ்பீக்கருக்கு, பெட்டி செய்வது அவர் தொழில். செய்து முடித்ததும் பாட்டுப் போட்டுப் பார்ப்பார். எதிர்வீட்டு ஜன்னல் தடதடக்கும், சண்டைக்கு வருவார்கள், இவர் செவிடர் போல உட்கார்ந்திருப்பார். இருபத்தாறு வருடத்தில் அவர் செய்த பெட்டி ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை. அந்த விஷயத்தில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

அந்தப் பெருமையில் பாதி மகளுக்குச் சேர வேண்டும். பலகைகள் சேரும் மூலையில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும், பாட்டு அதிரும்போது பெட்டி புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கும். சின்னப் பெட்டிகளுக்குள் அவருடைய தடித்த கை முழங்கைக்கு மேல் போகாது. மகள்தான் ஸ்பீக்கர் ஓட்டை வழியாகத் தோள்வரை கையை விட்டு, விரலால் தடவித் தடவிப் பசை பூசுவாள். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை வந்து பூசினாள். அவளாக ஒருவனைப் பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டபோது, "இனி இந்த வாசப்படி மிதிக்காத" என்று இவர் சொல்லிவிட்டார். அவளும் அப்பன் பிள்ளைதானே, மிதிக்கவில்லை. மூன்று வருடம் ஆயிற்று, பசையை அவரே நீளக் குச்சியில் தொட்டுப் பூசிக்கொள்கிறார். சொன்ன வாயை என்ன செய்தால் தகும் என்று அவர் கிடந்து தவித்தது யாருக்கும் தெரியாது. மனைவி இருந்தால் நடுவில் புகுந்து பேசியிருப்பாள். அவள் போய்ச் சேர்ந்து பத்து வருடம்.

போன மாதம் ஓர் இளைஞன் வந்து, கார் டிக்கியின் அளவு எழுதிய தாளை நீட்டினான். வெளி அளவுக்குக் கீழே கோடு, உள் அளவைச் சுற்றி வட்டம். அப்படி எழுதுகிறவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவர் அந்தத் தாளை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், மற்றவள் அவர் மகள். வந்திருப்பது மாப்பிள்ளை என்று புரிந்துவிட்டது. முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. டிக்கியில் வேறு என்ன வைப்பீர்கள் என்று எல்லோரிடமும் கேட்பதையே அவனிடமும் கேட்டார்.

"பாதி இடம் விட்டுடுங்க. பாப்பாவோட தள்ளுவண்டி வைக்கணும்," என்றான்.

எத்தனை மாதம், யார் ஜாடை, பல் முளைத்துவிட்டதா, அவருக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவோமோ என்று பயந்து, பலகையின் கனத்தைப் பற்றிப் பேசினார். காரைக் கொண்டு வந்தால் நானே பொருத்தித் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். அவர்களே பொருத்திக்கொள்வார்களாம்.

ஐந்து நாள் அந்தப் பெட்டியைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். கடைசியில், வாழ்க்கையில் செய்யாத ஒரு காரியம் செய்தார். பின்பக்கக் கீழ்மூலையில் ஒரு விரல் நீளத்துக்குப் பசை பூசாமல் விட்டார். குறை என்றால் திருப்பிக் கொண்டுவந்துதானே ஆக வேண்டும்? காரோடு வந்தால் பின்சீட்டில் குழந்தையாவது இருக்காதா என்று ஒரு நப்பாசை. பெட்டி போன நாளிலிருந்து பட்டறை வாசலில் எந்த வண்டி நின்றாலும், வெட்டுகிற பலகையைப் பாதியில் விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

ஒன்பதாம் நாள் மாப்பிள்ளை மட்டும் வந்தான், பஸ்ஸில், வெறுங்கையோடு.

பெட்டி நன்றாக இருக்கிறது என்றான். ஒரு மூலையில் மட்டும் காற்றுப் போனதாம், அவளே கையை விட்டு அடைத்துவிட்டாளாம். இவர் தலையை ஆட்டினார். போட்ட கணக்கெல்லாம் பாழாய்ப் போயிற்று. பாழும் வேலையை அவளுக்குக் கற்றுக் கொடுத்ததே தப்பு என்றுகூடத் தோன்றியது.

அவன் போகாமல் நின்றான்.

"அன்னைக்கு முழுக்க அழுதுட்டே இருந்தா. அப்பா இப்படி விடவே மாட்டாரு, கண்ணு மங்கிடுச்சு போலன்னு. உங்களைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லி அனுப்பினா, மாமா."

அவர் அவனை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். நல்ல முகம். தாடையில் சவரம் செய்யும்போது கீறிய சின்னக் காயம்கூட அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"ஆமா மாப்பிள்ளை," என்றார். "கண்ணு சுத்தமா தெரியல. அவளையே வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."