புகார் சொன்னது யார்?

உணவுப் புகார் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் அவளுக்குச் சக ஊழியர்கள் வைத்த பெயர் 'பூட்டு'. பதினெட்டு வருடங்களில் புகார் சொன்ன ஒருவர் பெயர்கூட அவள் வாயிலிருந்து வெளியே போனதில்லை. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை, பாவம்!

அன்று அழைத்த பெண் தன் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டாள். உணவகத்தின் பெயரை மட்டும் சொன்னாள்.

"மீந்த கோழிக்கறிய வினிகர்ல அலசி மறுநாள் பொரிச்சுப் போடுறாங்கம்மா. நேத்து ரெண்டு பிள்ளைங்க வாந்தி எடுத்துச்சுங்க. மனசு கேக்கல."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. அது அவளுடைய அக்காவின் கடை. தாயில்லாத அவளைப் படிக்கவைத்து ஆளாக்கிய அக்கா!

புகாரைப் பதிந்து அதிகாரியின் மேஜையில் வைத்தாள். அதோடு நின்றிருக்கலாம். மத்தியானம் மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கி அக்காவை அழைத்தாள்.

"நாளைக்கு சோதனைக்கு வர்றாங்கக்கா. அந்த வினிகர் வேலைய இன்னியோட நிறுத்து."

"எவடி போட்டுக்கொடுத்தது?"

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

"நீ சொல்லவே வேணாம். வினிகர் சங்கதி எனக்கும் பாத்திரம் தேய்க்கிறவளுக்கும்தான் தெரியும்."

வினிகர் என்ற சொல் அவள் வாயிலிருந்துதான் போயிருந்தது.

மறுநாள் அதிகாரி கடைக்குப் போய்ச் சோதனைக்குக் கொஞ்சம் கறி எடுத்து முத்திரை வைத்தார். அன்று காலையில் வாங்கிய கறி! ஆய்வகத்திலிருந்து 'குறையில்லை' என்று அறிக்கை வந்தது.

அதே வாரம் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். விரலிடுக்கெல்லாம் சோப்பு அரித்த வெடிப்பு. வாயைத் திறந்ததுமே குரல் காட்டிக்கொடுத்தது.

"பேரே சொல்லலையேம்மா, எப்படித் தெரிஞ்சுது? உப்புத் தின்ன வீட்டுக்கே உலை வெச்சியான்னு அன்னிக்கே வெளிய தள்ளிட்டாங்க. அந்தத் தெருவுல ஒரு கடையும் இப்ப என்னைச் சேக்க மாட்டேங்குது. இங்கிருந்து யாராச்சும் சொல்லியிருப்பாங்களா?" உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சேச்சே, நீங்க இருக்கிற இடத்துல அப்படி நடக்குமா? அன்னிக்கு எவ்வளவு பொறுமையா கேட்டீங்க!"

ஐயோ, அதற்குப் பதில் கன்னத்தில் அறைந்திருக்கலாம்!

பூட்டு ஒரு புதுப் படிவத்தை எடுத்தாள். 'யார் மீது' என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். சோதனைத் தகவல் கசிந்தது, அந்தக் கடையில் முன்னறிவிப்பின்றி மறுபடி சோதனை தேவை என்று கீழே எழுதினாள். 'புகார் சொன்னவர்' என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"நான்தாங்க சொன்னேன். அது எங்கக்கா கடை."

அந்தப் பெண் குனிந்து எழுதியதைப் பார்த்தாள். படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் எங்க கையெழுத்துப் போடணும்?"