எல்லைக் கல்லில் கழற்றிய செருப்பு

முத்தரசு காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டு வருடம் விளையாட்டு ஆசிரியராக இருந்து, விசில் ஊதியே ஓய்ந்துபோனவர். அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே கூட்டிப்போய்க் கண்மாய்க்கரையிலும் மரத்தடியிலும் பாடம் நடத்த உள்ளூர் ஆட்களைத் தயார் செய்யப்போகிறோம், அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். முத்தரசு விசிலைக் கழற்றி வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்தார். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவோம் என்று அவருக்கு ஒரு நினைப்பு உண்டு. அதில் பாதி உண்மையும்கூட.

கண்டரமாணிக்கம் பக்கம் நடந்த முதல் பயிற்சிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். எட்டுப் பேர் அவர் தும்மினால்கூட நோட்டில் எழுதிக்கொள்கிற ரகம். ஒன்பதாவது ஆள் காளீஸ்வரி. பிளஸ் டூ முடித்தவள், இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தாய். நோட்டைத் திறக்கவே மாட்டாள். பிள்ளைகளை ஓர் உசிலமரத்தடியில் உட்காரவைத்து, இந்த மரத்தில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். அரைமணி நேரத்தில் எறும்பு, ஓணான், சிலந்தி, பட்டைக்குள் கிடந்த புழு என்று முப்பத்தொரு குடித்தனக்காரர்களைப் பிள்ளைகள் பிடித்துவிட்டார்கள். இந்தப் பெண்ணுக்கு நான் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்று அன்று முத்தரசு வீட்டில் மனைவியிடம் சொன்னார். அதைக் காளீஸ்வரியிடமே சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

கடைசி நாள் தேர்வு. ஒவ்வொருவரும் இருபது பிள்ளைகளை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போய்ப் பாடம் நடத்த வேண்டும். காளீஸ்வரி அய்யனார் கோயில்காட்டைத் தேர்ந்தெடுத்தாள். விடியற்காலையிலேயே போய்ப் பாதையில் கிடந்த கருவேல முள்ளையெல்லாம் கூட்டித் தள்ளியிருந்தாள். அந்தக் காட்டுக்கு ஓர் எல்லைக் கல் உண்டு. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவனானாலும் செருப்பை அங்கே விட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பான். பிள்ளைகள் கழற்றினார்கள், காளீஸ்வரி கழற்றினாள், முத்தரசும் ஷூவைக் கழற்றி, சாக்ஸைச் சுருட்டி அதற்குள் வைத்தார். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து பழகிய கை, அதுபாட்டுக்குச் செய்தது.

பாடம் அருமையாக நடந்தது. ஆனால் சென்னையில் அச்சடித்த மதிப்பீட்டுத் தாளில் ஏழாவதாக ஒரு விதி இருந்தது. பிள்ளைகள் எந்நேரமும் காலணி அணிந்திருக்க வேண்டும், மீறியவர் தேர்விலிருந்து நீக்கப்படுவார் என்றது அது. கோயில்காடு என்று ஒன்று இருப்பது அச்சடித்தவர்களுக்குத் தெரியாது. முத்தரசுக்குத் தெரியும். தாளின் அடியில் குறிப்பு எழுத நாலு வரி இடம் விட்டிருந்தார்கள். 'ஊர் வழக்கம்' என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் போதும். அவருக்கு வேலை நிரந்தரமாகிற கடிதம் வரவேண்டிய மாதம் அது. மேலே இருப்பவர்கள் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தார். வெறுங்காலோடு நின்றுகொண்டு, ஏழாவது கட்டத்தில் பூஜ்யம் போட்டார்.

முடிவை அங்கேயே, எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போதே சொல்ல வேண்டும் என்பது நிறுவனத்தின் முறை. சொன்னார்.

"நீங்களும் கழட்டிட்டுத்தான சார் நிக்கிறீக?" என்று காளீஸ்வரி கேட்டாள்.

பெரியவர்கள் வேறு, பிள்ளைகள் வேறு, பாம்பு கடித்தால் யார் பதில் சொல்வது, பொறுப்பு என்று ஒன்று வேண்டாமா என்று முத்தரசு நீட்டி முழக்கினார். மனதில் உறுத்தல் இருந்ததால் குரல் கூடுதலாகவே உயர்ந்தது. இருபது பிள்ளைகளும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

கடிதம் வந்தது. வேலை நிரந்தரமானது. காளீஸ்வரியின் ஊர்ப் பள்ளிக்கு வேறோர் ஆளைப் போட்டார்கள். அவர் நான்கு வருடமாகப் பிள்ளைகளைப் பள்ளி வேப்பமரத்தைத் தாண்டிக் கூட்டிப்போனதில்லை, விதியும் மீறினதில்லை. ஒவ்வொரு முறை அங்கே மேற்பார்வைக்குப் போய் வரும்போதும் முத்தரசுக்குச் சோறு இறங்காது.

இந்த வருடம் மதிப்பீட்டுத் தாளைத் திருத்தும் பொறுப்பை அவரிடமே கொடுத்தார்கள். முதல் வேலையாக ஏழாவது விதியை மாற்றினார். ஒரு சனிக்கிழமை காலையில், புது விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு காளீஸ்வரி வீட்டுக்குப் போனார். அவள் இப்போது காரைக்குடியில் ஒரு தையல் கம்பெனிக்குப் போகிறாள். வேன் வருகிற நேரம். இருந்தும் உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். நன்றாக நாலு கேள்வி கேட்பாள், கேட்கட்டும், வாங்கிக்கொள்வோம் என்றுதான் அவர் வந்திருந்தார். கேட்டுவிட்டால் பாரம் குறையும் என்ற ஆசையும் இருந்தது.

விதி மாறிய விஷயத்தைச் சொன்னார். தேர்வெல்லாம் வேண்டாம், நேரடியாகச் சேர்ந்துகொள்ளலாம் என்றார். பிறகு, "அன்னைக்குத் தப்புப் பண்ணுனது நான்தாம்மா" என்றார்.

காளீஸ்வரிக்குக் கோபம் வரவில்லை. புரியாதவள்போல அவரைப் பார்த்தாள்.

"அப்ப நான் சரியாத்தான் செஞ்சேனா சார்?"

"சரியாத்தான் செஞ்சீக."

"நான் என்னமோ புத்தியில்லாம இருபது பிள்ளைகள ஆபத்துக்குள்ள கூட்டிப் போயிட்டேன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்கேன். படிச்சவுக நீங்க, சொன்னா சரியாத்தான இருக்கும்."

முத்தரசு விண்ணப்பத்தை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வேணாம் சார். எம்பிள்ளைகளையே இப்ப நான் வாசலத் தாண்டி வெளையாட விடுறதில்ல. பயமா இருக்கு."

கதவை வெளியே பூட்டினாள். உள்ளே அவளுடைய இரண்டு பெண்களும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார்கள்.