மழை இல்லை சார், சாரல்

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் சாக்கட்டி பிடிக்காது. மலையிலிருந்து இறங்கும் ஈரக்காற்று ஜன்னல் வழியே நுழைந்து பலகை முழுவதும் ஒரு நசநசப்பைப் பூசிவிட்டுப் போய்விடும். அதன்மேல் எழுதினால் சாக்கட்டி கீச்சென்று கத்திக்கொண்டு வழுக்குமே தவிர எழுத்து விழாது. பலகையைப் பழைய வேட்டித் துணியால் துடைத்து, ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்துப் பக்கத்தில் காட்டிக் காயவைத்து, அதற்குப் பிறகு கணக்கு எழுதுகிற வழக்கம் குற்றால மலையடியில் இருக்கிற எங்கள் மேலகரத்தில் எங்கள் வகுப்பைத் தவிர வேறெங்கும் இருந்திருக்காது. இன்றைக்கும் ஊசி போடுகிற இடத்தில் ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறினால் எனக்கு ஊசி பயம் வருவதில்லை, பின்னக் கணக்கு பயம்தான் வருகிறது.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, கணக்கில் கெட்டியான பிள்ளைகளாகப் பார்த்துப் பொறுக்கி, கணக்கும் விஞ்ஞானமும் கைத்தொழிலும் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க ஒரு சிறப்பு வகுப்பைச் சோதனையாக எங்கள் நடுநிலைப் பள்ளிக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்குக் காகிதத்தில் நீளமான பெயர் ஒன்று இருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது 'குப்பி கிளாஸ்'. மரப்பெட்டியில் வைக்கோலுக்குள் புதைத்து வந்து இறங்கிய கண்ணாடிச் சாமான்களைத் தெருவே கூடி நின்று பார்த்ததால் வந்த பெயர். "குப்பி கிளாஸுக்குப் போறவளே, இந்த எண்ணெக் குப்பியையும் கழுவி வச்சிட்டுப் போ" என்று அம்மா காலையில் என்னைச் சீண்டாத நாள் குறைவு.

வகுப்பை நடத்தியவர் ஞானதுரை சார்வாள். வாத்தியார்களை அப்போது 'சார்வாள்' என்றுதான் சொல்லுவோம். ஒல்லியான மனிதர், எங்களிடம் நாள் முழுக்கப் பேசுவார், மேலதிகாரி யாராவது வந்துவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். டால்டா டப்பாவை வெட்டிச் சக்கரம் செய்து, அதைச் சைக்கிள் டைனமோவோடு பொருத்தி, பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் இறக்கிப் பல்பை எரியவைத்தோம். பல்பு மினுக்கென்று எரிந்த அன்று, வயலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைத் தோளில் வைத்தபடியே நின்று பார்த்தார்கள். அதைப்போல ஒரு பெருமை பிறகு எனக்கு எந்தப் பட்டத்திலும் கிடைக்கவில்லை.

ஆனால் நாங்கள் அப்போது படித்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்போடு எல்லாம் முடிந்துவிடும் என்பதுதான் பிரச்சினை. அதற்குமேல் படிக்கத் தென்காசிக்குப் போக வேண்டும். அப்பாவுக்குக் குற்றாலத்தில் சீசன் கடை. எண்ணெய், சீயக்காய், துண்டு, நேந்திரங்காய் சிப்ஸ் விற்பார். சீசன் பஸ்ஸில் படிக்கட்டு வரை தொங்கிக்கொண்டு வருகிற கூட்டத்தை அவர் அளவுக்குப் பார்த்தவர் யாருமில்லை. "அந்தக் கூட்டத்துல பொம்பளப் புள்ளய ஏத்தி அனுப்ப முடியாது. இங்கனயே ஒம்பதாம் வகுப்பு வந்தா படி, வரலன்னா போதும்" என்று சொல்லிவிட்டார். என் கூட்டாளி மூக்கம்மாள் வீட்டிலும் இதே தீர்ப்புதான். அவள் அப்பா நெல் வெள்ளாமைக்காரர், பேச்சே குறைவு. இன்ஸ்பெக்ஷனில் குப்பி கிளாஸ் நன்றாக இருக்கிறது என்று அதிகாரி எழுதிவிட்டால், அதைத் தொடர்ந்து ஒன்பதாம் வகுப்பு எங்கள் பள்ளியிலேயே வரும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். ஆகவே அந்த ஒரு நாளை நம்பித்தான் நாங்கள் இருவரும் இருந்தோம்.

பெட்டியில் வந்த சாமான்களில் மழைமானி ஒன்று. புனல் வைத்த ஒரு துத்தநாக உருளை, உள்ளே ஒரு பாட்டில், அளப்பதற்குக் கோடு போட்ட கண்ணாடிக் குவளை. விளையாட்டுத் திடலில் சிமெண்டு மேடை கட்டி நிறுத்தியிருந்தோம். அதுவரை அங்குலத்தை நூறாகப் பிரித்து 'இத்தனை சென்ட் மழை' என்று பேசிப் பழகிய ஊரில் மில்லிமீட்டர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தது எங்களுக்கு ஒரு மிதப்பு. தினம் காலையில் தண்ணீரை அளப்பது மூக்கம்மாள் பொறுப்பு. குவளையைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துச் சொல்லுவாள். நான் சுவரில் ஒட்டிய பெரிய தாளில் நீலப் பென்சிலால் கோடு இழுப்பேன். அந்த ஆனி பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட விடாமல் கோடு விழுந்திருந்தது.

அதிகாரி ஆடி தொடக்கத்தில் வந்தார். மழைக்கு வானத்தை அண்ணாந்து பார்க்கிற கிழக்குச் சீமைக்காரர், மாற்றலாகிப் புதிதாக வந்திருந்தார். அன்றைக்கென்று பார்த்து மேகம் விலகி வெயில் பளிச்சென்று அடித்தது. சுவரில் இருந்த தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "நேற்று இங்கே மழை பெய்ததா?" என்று கேட்டார்.

"இல்ல சார்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது.

"முந்தாநாள்?"

"இல்ல சார்!"

"இந்த வாரம்?"

"இல்லவே இல்ல சார்!" பின்வரிசைப் பையன் ஒருவன் உற்சாகம் தாங்காமல், "மலைக்கு அங்கிட்டு ஆரியங்காவுப் பக்கம் நல்ல மழையாம் சார்" என்று தகவலும் கொடுத்தான்.

அதிகாரி நீலக் கோடுகளின் மேல் விரலை வைத்தார். "மழை பெய்யாத ஊரில் மழைமானியில் தண்ணீர் எப்படி வந்தது வாத்தியாரே? நான் வருகிறேன் என்று கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றினீர்களா?"

சார்வாளுக்கு வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. "சார்... அது வந்து சார்..." என்றார், அதற்குமேல் வரவில்லை. எங்களுக்கோ அதிகாரி எதைக் கேட்கிறார் என்றே புரியவில்லை. மலையடிவாரத்தில் பிறந்த பிள்ளைகளிடம் மழை பெய்ததா என்று கேட்டால் வேறு என்ன சொல்லும்? மழை என்றால் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு கொட்ட வேண்டும். மற்றதெல்லாம் தூத்தல், சாரல். யாராவது சாரலை மழை என்று சொன்னால் அவரை அசலூர் என்று தெரிந்துகொள்வோம்.

மூக்கம்மாள் எழுந்தாள். "அது மழை இல்ல சார், சாரல்."

"சாரல் என்றால் என்ன? அதுவும் மழைதானே?"

"இல்ல சார். மழ பெஞ்சா வீட்டுக்குள்ள ஓடுவோம். சாரல் விழுந்தா வெளிய வருவோம்."

வகுப்பு சிரித்தது. நான் கைகூடத் தட்டினேன் என்று நினைக்கிறேன். அத்தனை பொருத்தமாகச் சொல்லியிருந்தாள். அதிகாரி சிரிக்கவில்லை. "மூன்றாவது வருஷமாக விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளுக்கு மழை என்றால் என்ன என்று தெரியவில்லை" என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். வாய்க்கால் கரைக்கு அவர் வரவேயில்லை. டால்டா சக்கரம் காலையிலிருந்து தண்ணீரில் வீணாகச் சுற்றிக்கொண்டு கிடந்தது.

கிளாஸ் போய்விட்டது. குப்பிகளை மறுபடியும் வைக்கோலில் புதைத்து ஆணி அடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். "வாய அடக்கத் தெரியாத ஒரு புள்ளயால ஒம்பதாங் கிளாஸே போச்சு" என்று தெருவில் பேச்சானது. பெற்றவர்கள் பேசினார்கள், பிள்ளைகள் பேசினார்கள். சார்வாள் பழையபடி வட்டிக் கணக்கு நடத்தப் போய்விட்டார்.

அப்பாவிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. வேறு யாரோ சொல்லி, சீயக்காய் நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைக் கீழே வைத்துவிட்டாராம். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கத்தத் தொடங்கினார், ஆனால் என்னை இல்லை. "மழ பெஞ்சா கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன். சாரல் விழுந்தாத்தான் எனக்கு யாவாரம். ரெண்டும் ஒண்ணாம்லா! இது தெரியாத கோட்டிப்பய வந்து எம்புள்ளைக்கு வெவரம் பத்தலைன்னு சொல்லுதான்!" அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "ஏட்டி, நீ தென்காசிக்கே போய்ப் படி. எவன் என்ன சொல்லுதான்னு நானும் பாக்கேன்" என்றார். கண்டக்டரிடம் அவரே பேசி, முன்பக்கம் எனக்கு ஓர் இடமும் ஏற்பாடு செய்தார். பெண்கல்வியைப் பற்றி எத்தனையோ பெரியவர்கள் எத்தனையோ உயர்வாகப் பேசக் கேட்டிருக்கிறேன். என் படிப்பு எங்கள் அப்பாவின் வீம்பில் நடந்த படிப்பு.

மூக்கம்மாளின் அப்பாவுக்கு அந்த வீம்பு வரவில்லை. அதிகாரி முன்னால் பெண்பிள்ளை எழுந்து எதிர்த்துப் பேசியதே அவருக்கு மானக்கேடாகப் போயிற்று. அவள் எட்டாம் வகுப்போடு நின்றாள், இரண்டொரு வருஷத்தில் அதே ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். நான் பஸ்ஸில் போகும்போது வரப்பில் நின்றுகொண்டு கையசைப்பாள். அவள் சொன்ன ஒரே பதிலில் நான் போனேன், அவள் நின்றாள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

பிறகு நான் பௌதிகம் படித்து, வெளியூர்ப் பள்ளிகளில் நடத்தி, ஓய்வும் பெற்றாயிற்று. மழைமானிப் பாடம் வரும்போதெல்லாம், மேலேயிருந்து விழுந்து அதில் சேர்கிற தண்ணீர் எல்லாம் மழைக் கணக்குதான் என்று நானும் சொல்லிக்கொடுத்தேன். புத்தகப்படி அந்த அதிகாரி சொன்னது சரி.

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். திடலில் சிமெண்டு மேடை இல்லை. அந்த இடத்தில் அருவிக்கு வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன. வாய்க்காலுக்கு மூடி போட்டுவிட்டார்கள். செல்போனைத் திறந்தால் மேகமும் கீழே கொட்டுகிற துளியுமாக மழைப் படம் வருகிறது. சாரலுக்கு அதில் படம் கிடையாது. மூக்கம்மாள் வீட்டில் அவள் பேரப்பிள்ளைகள்கூட, "ஆச்சி, மழை பெய்யுது, உள்ள வா" என்றுதான் கூப்பிட்டார்கள். வெளியே பஞ்சுபோல இறங்கிக்கொண்டிருந்தது. அவள் போகவில்லை, முற்றத்தில் கொடியில் கிடந்த துணியைக்கூட எடுக்கவில்லை.

எனக்குக் காப்பியை ஆற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "ஏட்டி, நீ இவ்வளவு படிச்சிருக்கியே, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றாள். "அன்னைக்கு அந்த ஆபீசர்கிட்ட நான் சொன்னது தப்பா?"

கிண்டலாகக் கேட்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

"தப்பே இல்ல. சரியாத்தான் சொன்னே" என்றேன்.



"இத அன்னைக்கே யாராவது ஒருத்தர் எனக்குச் சொல்லியிருக்கலாம்லா" என்றாள்.