ஏழு முறை அடித்த போன்

டெல்லியில் தமிழர்கள் குடியிருந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் இடிக்கப்படுவதற்கு முந்தின குளிர்காலம் அது. அங்கே மோதி பாக்கில் மகன் வீட்டில் இருந்தேன். வயது அறுபத்தேழு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பழைய அலுவலகத்திலேயே ஆலோசகர் வேலை, நாளுக்கு எட்டு மணி நேரம். அதோடு எங்கள் ஆங்கிலிக்கன் மரபுத் தமிழ்ச் சபையில் சம்பளமில்லாத குருவானவர். 'ஐயர்' என்றுதான் சபையார் கூப்பிடுவார்கள். வாரத்துக்கு இரண்டு ஆராதனை, ஒரு பிரசங்கம், மூன்று வீட்டுச் சந்திப்பு. மாதம் ஒரு கமிட்டி, அதில் குறைந்தது இரண்டு சண்டை.

இத்தனைக்கும் நடுவில் எனக்கென்று மிஞ்சியது காலை ஐந்திலிருந்து ஆறு வரைதான். குருப்பட்டம் பெற்றபோது தினமும் காலை ஜெபம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஜெபப்புத்தகத்தின்படி சங்கீதம், இரண்டு வேதபாடம். பிறகு ஒரு நோட்டில் எழுதி வைத்த ஐம்பத்தெட்டுப் பேருக்காக மன்றாட்டு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு டிக். ஒன்று விட்டுப்போனாலும் அன்று முழுவதும் மனதை அரித்துக்கொண்டே இருக்கும்.

இருபத்து மூன்றாவது பெயர், கேம்ப்பில் குடியிருந்த ஒரு பெயின்டருடையது. அவருக்கு இருதய ஆபரேஷன். பதினோரு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். வீட்டு வேலை செய்யும் அவர் மனைவி முந்தின ஞாயிறு என்னிடம் வந்தார்.

"உள்ள போறதுக்கு முன்னாடி நீங்க தலையில கை வச்சு ஜெபம் பண்ணணுமாம் ஐயரே. ரொம்ப பயந்துனு இருக்காரு."

ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறேன் என்றேன். அங்கிருந்து அலுவலகம் போக எத்தனை நிமிடம் என்பதையும் அப்போதே கணக்குப் போட்டுவிட்டேன்.

அன்று காலை ஐந்து இருபதுக்குப் போன் அடித்தது. முழங்காலில் இருந்தேன். கட்டிலில் கிடந்த போனை எட்டிப் பார்த்திருந்தால் யாரென்று தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. கடவுளுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் வேறெதுவும் நுழையக் கூடாது என்பது என் பிடிவாதம். நின்றது, மறுபடி அடித்தது. ஐந்தாவது முறை அடித்தபோது நான் இருபத்து மூன்றாவது பெயரில் இருந்தேன். "ஆண்டவரே, இவர் பயத்தை நீக்கும்" என்று சொல்லி டிக் போட்டேன்.

ஆறு மணிக்கு எடுத்துப் பார்த்தால் எல்லாமே பெயின்டரின் மனைவியின் அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டேன். வேறொருவரின் ஆபரேஷன் தள்ளிப்போனதால் இவரை முதலில் எடுத்துக்கொண்டார்களாம். பதினோரு நிமிடத்தில் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். தியேட்டர் கதவு மூடியிருந்தது.

"வார்டு பாய் ஜல்தி ஜல்தின்னு தள்ளினு பூட்டான். கதவு வரைக்கும் உங்களத்தான் தேடினே போனாரு. நானே பரமண்டல ஜெபம் சொன்னேன், பாதியில மறந்துபோச்சு. எத்தினி தடவ அடிச்சேன் உங்களுக்கு!"

"ஏழு தடவை. நாலாவது மட்டும் சீக்கிரமே கட் ஆயிடுச்சு" என்றேன். பழக்க தோஷம்.

அவர் என்னையே பார்த்தார். "எண்ணினா இருந்தீங்க? அப்ப எடுத்திருக்கலாமே ஐயரே."

அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐந்து மணி நேரம் பத்து நிமிடம் காத்திருந்தோம். அவர் மறந்த இடத்திலிருந்து ஜெபத்தை இருவருமாகச் சொல்லி முடித்தோம். டிக் போட நோட்டு கையில் இல்லை. உள்ளே போன பெயின்டர் உயிரோடு திரும்பாமல் போயிருந்தால், காலையில் போட்ட டிக்கை நான் எதைக் கொண்டு அழித்திருப்பேன் என்று இன்றும் தெரியவில்லை.

பிழைத்துக்கொண்டார். வீடு திரும்பிய பிறகு திருவிருந்து அப்பமும் ரசமும் கொடுக்கக் கேம்ப்புக்குப் போனேன். அப்பத்தை எடுத்து வைக்கும்போது சொன்னார்: "மொதல்ல போனைப் பாருங்க ஐயரே. வேற யாராச்சும் உள்ள போயினு இருக்கப் போறாங்க."

"சும்மா இருய்யா, தையல் பிரிஞ்சிடப் போவுது" என்று மனைவி அதட்டினார். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், பாதிதான்.

கேம்ப் போய்விட்டது. அவர்கள் இப்போது டெல்லியின் வடகோடியில், நரேலாவில் இருக்கிறார்கள். ஐந்து மணி ஜெபத்தை நான் இன்னும் விடவில்லை. போன் மட்டும் கட்டிலிலிருந்து ஜெபப்புத்தகத்தின் பக்கத்துக்கு வந்துவிட்டது. அது அடித்தால் இப்போதும் எண்ணத்தான் தொடங்குகிறேன், ஆனால் ஒன்றுக்கு மேல் போவதில்லை.